பனி மூடிய பாதையும் பாதையின் உரிமையும்

 

கடந்த டிசம்பர் மாதத்தில் ஒருநாள் மதரஸாவில் ஹதீஸ் பாடம் நடந்துகொண்டிருந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகையின் தொடக்கத்தில் ஓதிவந்த ஒரு துஆவை மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். தம் பிழைகளைத் தண்ணீராலும் பனியாலும் ஆலங்கட்டியாலும் கழுவித் தூய்மையாக்குமாறு இறைவனிடம் இறைஞ்சும் துஆ அது. அதில் வரும் ‘ஸல்ஜ்’ என்ற அரபுச் சொல்லுக்குப் ‘பனி’ என்று பொருள் சொன்னேன்.

பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றும் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் எழுந்து நின்றான். “ஹஜ்ரத்! பனி என்றால் விடியற்காலையில் புல்லின் மேல் இருக்குமே, அதுதானே? அது கையைக்கூட நனைக்காதே! அதைக்கொண்டு எப்படிக் கழுவுவது?” என்று கேட்டான்.

நியாயமான கேள்விதான். கமண்டல நாகநதிக் கரையில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்குப் பனி என்றால் மார்கழிப் பனிதான். வானத்திலிருந்து பஞ்சுபோல் உதிர்ந்து, ஆள் உயரத்திற்குக் குவிந்து, வீட்டு வாசலையும் ஊர்ப் பாதையையும் மூடிவிடும் வெண்பனியை அவன் எங்கே கண்டான்? அவனுக்குப் பாடம் சொல்லும் நானும் அதைக் கண்டதில்லை.

அல்லாஹ்வின் ஏற்பாட்டைப் பாருங்கள்! குளிர்காலம் தோறும் சால்வை மூட்டையைச் சுமந்துகொண்டு நம் ஊர்களுக்கு வரும் காஷ்மீரச் சகோதரர்களில் ஒருவர் அப்போது பள்ளிவாசல் திண்ணையில் லுஹர் தொழுகைக்காகக் காத்திருந்தார். அவரை அழைத்து வந்து மாணவர்கள் நடுவில் அமர வைத்தேன். அவர் உர்தூவில் சொல்லச் சொல்ல, நான் தமிழில் எடுத்துச் சொன்னேன். அன்று அவர் சொன்னவையும், அதன்பின் நான் தேடிப் படித்தவையும் என்னைச் சிந்திக்க வைத்தன. அவற்றையே இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

காஷ்மீரத்தின் ‘சில்லா’

‘சில்லா’ என்றால் நம்மவர்க்கு நாற்பது நாட்கள் என்பது தெரியும். காஷ்மீரத்தில் குளிர்காலத்திற்கே அந்தப் பெயர் உண்டு. டிசம்பர் 21 முதல் ஜனவரி 30 வரை வரும் கடுங்குளிர் நாட்களைச் ‘சில்லாயே கலான்’ என்கிறார்கள்; பெரிய நாற்பது என்று பொருள். அடுத்த இருபது நாட்கள் ‘சில்லாயே குர்து’, சிறியது. அதற்கடுத்த பத்து நாட்கள் ‘சில்லாயே பச்சா’, குழந்தை. ஆக எழுபது நாட்கள்.

இந்த எழுபது நாட்களுக்காக அம்மக்கள் கோடையிலேயே ஆயத்தமாகின்றனர். கத்தரிக்காய், தக்காளி, சுரைக்காய், கீரை ஆகியவற்றை நறுக்கி வெயிலில் உலர்த்திச் சேமிக்கின்றனர். அரிசியும் விறகும் கரியும் வீடு வந்து சேர்ந்துவிடும். மண்சட்டியில் தணலிட்டுப் பிரம்புக் கூடைக்குள் பொதிந்த ‘காங்கிரி’யை நீண்ட அங்கிக்குள் ஏந்தியபடி நடமாடுகின்றனர். விளைச்சல் நன்றாக இருந்த ஆண்டுகளிலேயே பஞ்ச காலத்திற்கெனத் தானியத்தைச் சேமிக்கச் சொன்ன நபி யூசுஃப் (அலை) அவர்களின் வரலாறு அதைக் கேட்டபோது என் நினைவுக்கு வந்தது.

வீட்டுக்குள் உணவைச் சேமித்துக்கொள்ளலாம். நோயாளிக்கு மருத்துவரைச் சேமித்து வைக்க முடியுமா? அச்சகோதரரின் ஊர் மலையின் மேல் விளிம்பில் உள்ள சிற்றூர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரி இரவில் அவருடைய துணைவியாருக்குப் பிரசவ வலி கண்டிருக்கிறது. பாதை தெரியாத அளவுக்குப் பனி. ஊரிலுள்ள ஆண்கள் அனைவரும் மண்வெட்டிகளோடு முன்னே சென்று வழி வெட்ட, பின்னே நால்வர் கட்டிலைத் தோளில் சுமந்து சென்றனராம். “மருத்துவமனை ஏழு கிலோமீட்டர். ஃபஜ்ரு நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். அல்ஹம்துலில்லாஹ், அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் போகிறான்” என்று சொல்லி நிறுத்தினார். வகுப்பில் ஓர் அசைவும் இல்லை.

சோஜிலா கணவாய்

காஷ்மீரப் பள்ளத்தாக்கையும் லடாக்கையும் இணைப்பது ஸ்ரீநகர்–லே நெடுஞ்சாலை. சோனாமார்குக்கும் திராஸுக்கும் இடையே சுமார் 11,500 அடி உயரத்தில் சோஜிலா கணவாய் வழியாக அது செல்கிறது. கணவாய்க்கு அப்பால் இருப்பது கார்கில் மாவட்டம். அங்கு நம் சமுதாயத்தினரே பெரும்பான்மையினர். முன்பெல்லாம் ஆண்டில் ஐந்து, ஆறு மாதங்கள் இந்தப் பாதை அடைபட்டுக் கிடக்கும். காய்கறி, மருந்து, எரிபொருள் யாவும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட வேண்டும்.

1960ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் தொடங்கப்பட்ட எல்லைச் சாலைகள் அமைப்பே இப்பாதையைத் திறந்து வைக்கும் பொறுப்பை ஏற்றுள்ளது. காஷ்மீரப் பக்கத்திலிருந்து ஒரு குழுவும் லடாக் பக்கத்திலிருந்து மற்றொரு குழுவும் பனியை வெட்டிக்கொண்டே வந்து, நடுவில் சந்தித்துக் கைகுலுக்கும். புல்டோசர்கள் பனியைத் தள்ளும். பனியை அள்ளித் தொலைவில் வீசியெறியும் இயந்திரங்களும் உண்டு. ஒரு பக்கம் செங்குத்தான மலை, மறுபக்கம் பாதாளம். சாலையின் விளிம்பு எது, வெற்றுப் பனி எது என்று தெரியாது. மேலேயிருந்து பனிச்சரிவு எந்நேரமும் இறங்கலாம். அந்த இயந்திரத்தின் இருக்கையில் அமர்பவர் தம் உயிரைப் பணயம் வைத்தே அமர்கிறார்.

இவ்வுழைப்பின் பலனை எண்கள் சொல்லும். 2022ஆம் ஆண்டில் சோஜிலா மூடிக்கிடந்தது 73 நாட்கள். 2023இல் 68 நாட்கள். 2025இல் 32 நாட்களிலேயே, ஏப்ரல் 1ஆம் நாள், பாதை திறக்கப்பட்டது. ஆறு மாதச் சிறை ஒரு மாதமாகக் குறைந்துள்ளது.

பனியோடு ஆண்டுதோறும் போராடுவதைவிட, மலையைக் குடைந்து அதன் அடியில் செல்வது மற்றொரு வழி. ஜம்முவிலிருந்து ஸ்ரீநகர் செல்லும் சாலையில் பானிஹால் மலையைக் குடைந்து ஜவாஹர் சுரங்கப்பாதை 1956ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. இமாசலப் பிரதேசத்தில் ரோத்தாங் கணவாய்க்குக் கீழே 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்டது. அதுவரை ஆண்டில் பாதி நாள் உலகத் தொடர்பற்றுக் கிடந்த லாஹுல் பள்ளத்தாக்கு மக்கள் இப்போது குளிர்காலத்திலும் மணாலிக்கு வந்து போகின்றனர். சோனாமார்குக்குச் செல்லும் வழியில் 6.5 கிலோமீட்டர் சுரங்கப்பாதை 2025 ஜனவரியில் திறக்கப்பட்டது. சோஜிலாவுக்குக் கீழே 13 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்தில் சுரங்கம் அமைக்கும் திட்டம் மேற்கொள்ளப்பட்டுள்ளது.

பிற நாடுகள் செய்வது என்ன?

பனி விழும் நாடுகள் பலவும் முதலில் நாடுவது உப்பைத்தான். கையால் சுற்றி ஐஸ்கிரீம் செய்பவர், வாளியிலுள்ள பனிக்கட்டியில் கல்லுப்பை அள்ளிப் போடுவதை நாம் பார்த்திருக்கிறோம். உப்புக் கலந்த நீர் பூஜ்ய டிகிரியில் உறையாது. அதனினும் குளிர்ந்தால்தான் உறையும். எனவே சாலையில் உப்பைத் தூவினால் பனி இளகுகிறது. ஆனால் குளிர் மைனஸ் 9 டிகிரிக்கும் கீழே போனால் சாதாரண உப்பு பெரும்பாலும் பயன் தருவதில்லை. அங்கே வழுக்காமல் இருக்க மணலையும் பொடிக்கல்லையும் தூவுகின்றனர். உப்புக்கும் ஒரு விலை உண்டு: வாகனங்கள் துருப்பிடிக்கின்றன, பாலத்துக் கம்பிகள் அரிக்கப்படுகின்றன, ஓரத்து மரங்களும் நீர்நிலைகளும் பாழாகின்றன. அளவு மீறினால் எந்த அருளும் தொல்லையாகும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

ஜப்பானில் நாகவோகா போன்ற நகரங்களில் சாலை நடுவே குழாய் பதித்து, நிலத்தடி நீரைப் பீய்ச்சிப் பனியைக் கரைக்கின்றனர். நிலத்தடி நீர் குளிர்காலத்திலும் ஓரளவு வெதுவெதுப்பாக இருப்பதே காரணம். அதிகமாக உறிஞ்சியதால் நிலமே தாழ்ந்த இடங்களும் உண்டு. ஐஸ்லாந்தின் தலைநகர் ரெய்க்யவிக்கில் பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீர், வீடுகளைச் சூடாக்கிய பின் நடைபாதைகளுக்குக் கீழுள்ள குழாய்களில் ஓடிப் பனியைக் கரைக்கிறது.

நார்வேயின் மலைச்சாலைகளில் புயல் கடுமையானால் வாகனங்கள் தனித்துச் செல்ல அனுமதியில்லை. தடுப்பருகே காத்திருக்க வேண்டும். பனி அகற்றும் வண்டி முன்னே செல்ல, மற்றவை வரிசையாக அதைப் பின்தொடர வேண்டும். முந்திச் செல்வதற்கு இடமில்லை. ஜமாஅத் தொழுகையில் இமாமை முந்தாதிருப்பதைப் போன்ற ஒழுங்கு என்று மாணவர்களிடம் சொன்னேன், உடனே புரிந்துகொண்டார்கள்.

கனடாவின் மாண்ட்ரியல் நகரில் பனியை ஓரமாகத் தள்ளிவிட்டு நின்றுவிடுவதில்லை. லாரிகளில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டுகின்றனர். அதற்குமுன் தெருவில் சங்கு ஒலிக்கும். கேட்டவுடன் வண்டிகளை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் இழுத்துச் செல்லப்படும். நம் தமிழ் மக்கள் பெருமளவில் வாழும் டொராண்டோவில் 1999 ஜனவரியில் கொட்டிய பனியைச் சமாளிக்க இயலாமல் மேயர் இராணுவத்தின் உதவியை நாடினார். செல்வமும் இயந்திரமும் மிகுந்த ஊரும் சில வேளை கை பிசைந்து நிற்கும் என்பதை இது காட்டுகிறது.

ஜெர்மனியில் பெரும்பாலான ஊர்களில், தம் வீட்டின் முன்னுள்ள நடைபாதையில் பனியை அகற்றுவது வீட்டுக்காரரின் சட்டக் கடமை. அகற்றாததால் வழிப்போக்கர் வழுக்கி விழுந்து காயமடைந்தால் அவர் இழப்பீடு தர வேண்டி வரலாம். அரசு பெருஞ்சாலையைப் பார்த்துக்கொள்ளும். வாசலைக் குடிமகன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் இல்லத்தரசிகள் அறிய வேண்டிய செய்தி சுவீடனிலிருந்து கிடைக்கிறது. அங்கே கார்ல்ஸ்கூகா என்னும் நகரில் வழக்கம்போல் கார்கள் செல்லும் பெரிய சாலைகளையே முதலில் சுத்தம் செய்துவந்தனர். பின்னர் யோசித்துப் பார்த்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. காரில் செல்பவரில் ஆண்களே அதிகம். குழந்தையை அழைத்துக்கொண்டு நடைபாதையிலும் பேருந்து நிறுத்தத்திலும் செல்பவரில் பெண்களே அதிகம். பனியில் வழுக்கி விழுந்து எலும்பு முறிபவர்களும் பெரும்பாலும் நடந்து செல்பவர்களே. ஆகவே நடைபாதைகளையும் பள்ளிக்கூடப் பாதைகளையும் முதலில் சுத்தம் செய்யுமாறு வரிசையை மாற்றினர். யாருக்குப் பாதை மிகவும் தேவை என்று கேட்டுச் செய்வதே நீதி.

முர்ரீ தரும் படிப்பினை

கவனக் குறைவு எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு நெஞ்சை உருக்கும் ஒரு சம்பவம் உண்டு. பாகிஸ்தானில் இஸ்லாமாபாத் அருகேயுள்ள மலைநகர் முர்ரீ. 2022 ஜனவரி 7ஆம் நாள் இரவு, பனியைக் கண்டு மகிழக் குடும்பம் குடும்பமாகச் சென்றவர்களின் வாகனங்கள் பெரும் பனிப்புயலில் சிக்கின. நகர முடியவில்லை. குளிர் தாங்காமல் இயந்திரத்தை ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உறங்கினர். விடிந்தபோது குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரோடு இல்லை. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அவர்களுள் பலரின் மரணத்திற்கு நச்சுப் புகையே காரணம் என்று கருதப்பட்டது. வாகனத்தின் புகைக்குழாயைப் பனி மூடிவிட்டால் வெளியேற வேண்டிய புகை உள்ளே திரும்பும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமற்றது, மணமற்றது. உறங்குகிறோம் என்ற எண்ணத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். நம் ஊரில் பனி இல்லை என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். மூடிய அறைக்குள் கரியடுப்பை மூட்டி உறங்குவதும், அடைத்த கொட்டகைக்குள் ஜெனரேட்டரை ஓடவிடுவதும் இதே ஆபத்தைத் தருபவைதாம்.

மார்க்கம் காட்டும் வழி

அரபு நாட்டின் மழையிலும் குளிர்காற்றிலும் பாதை சிரமமாகும்போது, மக்களைத் தம் இருப்பிடங்களிலேயே தொழுதுகொள்ளுமாறு அறிவிக்கச் செய்தார்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். ஜமாஅத்தின் சிறப்பை அவ்வளவு வலியுறுத்திய அவர்களே, வழியின் துன்பத்தைக் கருதிச் சலுகை தந்தார்கள். ஆபத்தான நேரத்தில் பயணத்தைத் தவிர்ப்பது கோழைத்தனம் ஆகாது. அது சுன்னத்தின் வழிகாட்டலே.

ஈமானுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகள் உண்டென்றும், அவற்றுள் கடைசிப் படியில் உள்ளது பாதையிலிருந்து இடர் தருவதை அகற்றுவது என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை நாம் மேடைதோறும் கேட்கிறோம். வழியில் கிடந்த முட்கிளையை அகற்றிய ஒருவரின் பாவத்தை அல்லாஹ் மன்னித்தான் என்ற செய்தியும் நமக்குத் தெரியும். பொதுவழியில் பிறருக்கு இடையூறு தரும் எதையும் தம் வசதிக்காக ஒருவர் அமைத்துக்கொள்ளக் கூடாது என்பது ஃபிக்ஹு நூல்களில் தெளிவாக உள்ள சட்டம். தெரிந்தவர்களாகிய நம் தெருக்கள் எப்படி இருக்கின்றன?

பிறரைக் குறை சொல்லுமுன் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வீட்டில் ஓர் அறை கட்டினேன். இரண்டு லோடு மணலும் செங்கல்லும் தெருவில் இறங்கின. ‘இரண்டே நாள்’ என்று அண்டை வீட்டாரிடம் சொன்னேன். கொத்தனார் வரவில்லை; மூன்று வாரம் கிடந்தது. ஒருநாள் இரவு எங்கள் தெருவின் கடைசி வீட்டு நெசவாளர் மகளுக்குப் பிரசவ வலி கண்டது. அழைத்த ஆட்டோ என் மணற்குவியலைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டது. அப்பெண்ணை நாற்காலியில் அமர்த்தி, இருட்டில் என் வீட்டைக் கடந்து தூக்கிச் சென்றார்கள். ஓசை கேட்டு எழுந்து வெளியே வந்த எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தாயும் சேயும் நலமாக வீடு திரும்பினர், அல்ஹம்துலில்லாஹ். அந்தத் தந்தை என்னை ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. “பரவாயில்லைங்க பாய், நல்லபடியா முடிஞ்சுது” என்றார். அவர் திட்டியிருந்தால் என் மனம் சற்று ஆறியிருக்கும்.

அந்தச் சால்வைக்காரர் தம் கதையைச் சொன்னபோது எனக்கு அந்த இரவுதான் கண்முன் நின்றது. அங்கே பாதையை மூடியது அல்லாஹ் இறக்கிய பனி. ஊரே திரண்டு அதை வெட்டித் திறந்தது. இங்கே பாதையை மூடியது நான் இறக்கிய மணல்.

பாதையை எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பதை ஆரணியில் நாம் வெளியே போய்க் கற்க வேண்டியதில்லை. அதிகாலையில் நெசவுத் தெருக்களில் பட்டுப் பாவை நீளமாக விரித்துக் கட்டி வேலை செய்வதைப் பார்க்கிறோம். வழிப்போக்கர் ஒதுங்கிச் செல்வர். அவர்களும் வெயில் ஏறுமுன் வேலையை முடித்து, குச்சிகளைப் பிடுங்கி, தெருவைத் தெருவாக விட்டுவிட்டுச் செல்வர். எடுத்துக்கொண்ட வழியை உரிய நேரத்தில் திருப்பித் தருவது அமானிதம் பேணுவதாகும்.

எனவே சகோதரர்களே! ஜும்ஆ நாளில் பள்ளிவாசல் முன்னே இரு சக்கர வாகனங்களைக் குறுக்கும் நெடுக்குமாக நிறுத்திவிட்டு முதல் ஸஃப்புக்கு விரைவதில் என்ன நன்மை? 108 வண்டி நுழைய ஒரு வழி விட்டு நிறுத்தலாமே! நிக்காஹ் பந்தல் போடும்போது ஓர் ஆட்டோ செல்லும் அகலத்தையாவது விட்டு வைக்கலாமே! கட்டுமானப் பொருட்களை இறக்குவோர், வேலை தொடங்கும் நாளன்று இறக்கலாமே! சாக்கடை மூடிக்கல்லைப் பெயர்த்தவர் அன்று மாலையே திரும்ப மூடலாமே! ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் மழைக்காலத்திற்கு முன் ஒருநாள் தெருக்களைச் சுற்றிப் பார்த்து, எந்த வீட்டிலிருந்து நோயாளியைக் கொண்டுவரத் தடை உள்ளது என்று குறித்துக்கொண்டால், அது ஒரு பெரும் ஸதக்காவாக அமையும்.

சகோதரிகளே! வாசலில் கழுவிய நீரும் பழத்தோலும் முதியவரின் இடுப்பெலும்பை முறிக்கப் போதுமானவை. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்; ஈமானின் அந்தக் கடைசிப் படியிலிருந்து அவர்கள் ஏறத் தொடங்கட்டும்.

மறுநாள் பாடத்தில் அந்தச் சாயக்காரர் வீட்டுப் பிள்ளையை எழுப்பி, “ஸல்ஜ் என்றால் என்ன?” என்று கேட்டேன். “வெண்பனி, ஹஜ்ரத். நிறைய விழுந்தால் எல்லாரும் சேர்ந்து அள்ள வேண்டும்” என்றான். அகராதியில் இல்லாத பொருள்தான், திருத்தாமல் விட்டுவிட்டேன்.

வல்ல அல்லாஹ் நம் பிழைகளைப் பனியால் கழுவியது போல் தூய்மையாக்கி, பிறர் வழியை அடைக்காத மக்களாக நம்மை வாழச் செய்வானாக! ஆமீன்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.